பன்னிரண்டு புள்ளி ஏழு

என் அத்தை மகனின் வியாபாரத்தை முடித்து வைத்தவள் நான்தான். இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிலர் மெச்சிக்கொண்டு சொல்வார்கள். சிலர், பொம்பளைக்கு இவ்வளவு வன்மம் ஆகாது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள். இரண்டுமே என் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கின்றன.

நான் பசறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார்கள். அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்தவள். அப்பா வேலை செய்தது தேயிலை ஃபெக்டரியில், தூள் சலிக்கிற அறையில். அந்த அறைக்குள் நுழைந்து வெளியே வருகிறவனின் கண் இமையில்கூடத் தேத்தூள் ஒட்டியிருக்கும். அப்பா அங்கேயே தன் காலத்தை ஓட்டினார். ஓய்வு பெற்ற பிறகு இருமல் மட்டும் ஓய்வு பெறவில்லை. கடைசியில் பதுளை ஆஸ்பத்திரி டாக்டர், வீட்டிலேயே ஒக்சிசன் வைக்க வேண்டும், நாளில் பாதி நேரமாவது குழாய் மூக்கில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒக்சிசன் மெசினை எங்களுக்குக் கொடுத்தவர் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி. அதைப் பயன்படுத்தி வந்த அவருடைய தகப்பனார் காலமாகியிருந்தார். "எங்க வாப்பாவுக்கு இனித் தேவையில்லை டீச்சர். மூலையில வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்க மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கொண்டு போங்க" என்றார். அவரே ஆள் வைத்து பஸ்ஸில் ஏற்றியும் விட்டார்.

காற்றிலிருந்தே ஒக்சிசனைப் பிரித்து எடுக்கிற மெசின் அது. கரண்ட் இருக்கும்வரை உயிர், கரண்ட் போனால் வெறும் பெட்டி. எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே சவுக்கு மரம் கம்பி மேல் விழும். ஒருமுறை விழுந்தால் கம்பி கட்ட ஆள் வருவதற்குள் பொழுது போய்விடும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம். அதை நிரப்பி எடுக்கப் பதுளைக்குப் போய் வர வேண்டும். அதனால்தான் இன்வேட்டரும் பேட்டரியும் வாங்குவது என்று முடிவானது. யாரிடம் வாங்குவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அத்தானை அறிமுகப்படுத்த வேண்டும். அப்பாவின் தங்கை மகன். அவன் தகப்பன் குடும்பத்தை விட்டு ஓடிய பிறகு, அத்தை அவனை எங்கள் ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் கொண்டுவந்து விட்டாள். அவள் வேறொரு தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தாள். பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வரைக்கும் அவன் எங்களோடுதான் இருந்தான். ஒரே காம்பரா, ஒரே அடுப்பு. அப்பாவும் அவனும் ஒரே பாயில், ஒரே கம்பளிக்குள் படுப்பார்கள். குளிர் காலத்தில் அப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டு தூங்குவான். அந்த இடத்துக்கு நான் சண்டை போட்டு அழுதிருக்கிறேன். பிறகு பதுளையில் ஒரு பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தொழில் பழகி, பஸ் நிலையத்துக்கு மேலே ஏறுகிற தெருவில் சொந்தமாகக் கடை போட்டான். கடை திறந்த அன்று குத்துவிளக்கு ஏற்றியவர் அப்பா.

பேட்டரியை அவனே வேனில் கொண்டுவந்தான். வேலையாள் தூக்க, இவன் மேற்பார்வை. நீல நிறத்தில் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி. மேசைக்கு அடியில் வைத்து, கம்பி பூட்டி, இன்வேட்டரைச் சுவரில் மாட்டினான். பிறகு மல்டிமீட்டரை எடுத்து சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் வைத்து, அப்பா பார்க்கும்படி திருப்பிக் காட்டினான்.

"பாருங்க மாமா. பன்னெண்டு புள்ளி ஏழு. ஃபுல்லா இருக்கு. கரண்ட் போனா மூணு மணித்தியாலம் தாராளமா ஓடும். அதுக்குள்ள பதுளைக்கே போயிறலாம்."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இலக்கத்தைப் பார்த்தார். "மாப்பிள்ள சொன்னா சரிதான்" என்றார். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அத்தான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டான்.

பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட் என்பது பொய்யான இலக்கம் இல்லை. அதுதான் அதில் இருந்த சாமர்த்தியம். சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்தால், அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். உள்ளே எவ்வளவு கொள்ளும் என்று தெரியாது. தண்ணீர்ப் பீப்பாயும் விளிம்பு வரை நிரம்பலாம், டீ கிளாசும் விளிம்பு வரை நிரம்பலாம். உள்ளே தகடெல்லாம் உப்புப் பூத்துச் செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியையும் சார்ஜ் ஏற்றி வைத்தால் பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டும். சுமையைக் கொடுத்து, நேரம் பார்த்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். இது அவனுடைய தொழில். அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

நாடு முழுக்கக் கரண்ட் வெட்டின காலம் அதற்குள் முடிந்திருந்தது. அப்போது டவுன்காரர்கள் எல்லாரும் இன்வேட்டர் வாங்கி, தினமும் பேட்டரியை அடி வரை வற்றவிட்டு, மறுபடி ஏற்றி, ஒரே வருஷத்தில் பேட்டரிகளைக் கொன்றிருந்தார்கள். அந்தச் செத்த பேட்டரிகளெல்லாம் எங்கே போயின என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வாங்கிய பிறகு கரண்ட் சில தடவை போனது. போன வேகத்தில் வந்தும் விட்டது. மெசின் நிற்காமல் ஓடியது. அந்தத் தைரியத்தில் காலியான சிலிண்டரைப் பதுளைக்கு நிரப்பக் கொடுத்தோம். அது திரும்பி வருவதற்குள் அந்த நாள் வந்துவிட்டது.

அது ஐப்பசி அடைமழை. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாவிடமிருந்து போனில் கோல் வந்தது.

"கரண்ட் போயிருச்சு பாப்பா. மெசின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப சுவத்துல இருக்கிற பெட்டி கீங் கீங்னு கத்துது."

"சுவிட்ச் போட்டிருக்கா பாருங்கம்மா."

"போட்டுத்தான் இருக்கு. பச்ச லைட்டு செவப்பாயிருச்சு." பிறகு குரல் மாறியது. "நின்னுருச்சு பாப்பா. மெசின் நின்னுருச்சு. அப்பா என்னையப் பார்க்குறாரு."

பக்கத்து லயத்து ஆட்டோக்காரரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அதிபரிடம் சொல்லக்கூட நிற்காமல் நான் ரோட்டுக்கு ஓடினேன். பசறையிலிருந்து மேலே போகும் லொறி ஒன்றை மறித்து ஏறினேன். பாதி வழியில் அவர்களுடைய ஆட்டோ எதிரே வந்தது. ஒரு வளைவில் மண் சரிந்து ரோட்டில் கிடந்ததால் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. நான் லொறியிலிருந்து குதித்து ஆட்டோவுக்குள் ஏறினேன். அப்பா அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். உதடு நாவல் பழம் சாப்பிட்டவர் போல இருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பேச்சுக்கு வேண்டிய காற்று அவரிடம் இருக்கவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். பசறை டவுனுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே பிடி தளர்ந்துவிட்டது. ஆட்டோக்காரருக்கு அது தெரியாது. அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

சாவு வீட்டில் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவன் அத்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அதில் பொய் இருந்ததாக நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அடக்கம் முடிந்து வந்து ஆட்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், "இவ்வளவு செலவழிச்சு பேட்டரி போட்டும் இப்படி ஆயிருச்சே" என்றார். அத்தான் எழுந்து சுவரில் இருந்த இன்வேட்டரைப் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னான்.

"மாமி, நீங்க பதட்டத்துல சுவிட்ச மாத்தி அமத்திட்டீங்க போல இருக்கு. அதான் பேட்டரி டக்குனு இறங்கிருக்கு. நீங்க வெசனப்படாதீங்க, வயசான ஆளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்."

ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்கள். கூட்டத்தில் இருந்த கிழவிகள் "ஐயோ பாவம், தெரியாமத்தானே செஞ்சா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வார்த்தை அடுத்த நாளே மூன்று லயத்துக்கும் போய்விட்டது.

அதிலிருந்து அம்மா எந்த சுவிட்சையும் தொடவில்லை. விளக்குப் போடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவாள். நான் இல்லாத நாட்களில் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். "என் கையாலதான் அவரு போனாரு" என்று ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அழாமல் சொன்னாள்.

அப்பாவுக்கு முப்பத்தோராம் நாள் கும்பிட்ட மறுநாள் நான் இன்வேட்டரை இறக்கிப் பார்த்தேன். அதில் மாற்றி அமத்துவதற்கு என்று ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு சுவிட்ச். போடலாம், அணைக்கலாம். அணைத்திருந்தால் மெசின் ஓடியே இருக்காது. அம்மா சொன்னபடி ஓடி, கத்தி, நின்றிருக்கிறது. அப்படியென்றால் சுவிட்ச் சரி. பேட்டரிதான் தவறு.

வேன் ஹெட்லைட் பல்பு ஒன்றும் பள்ளிக்கூடத்து மல்டிமீட்டரும் கொண்டுவந்தேன். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றினேன். கம்பியைக் கழற்றிச் சற்று ஆறவிட்டு மீட்டரை வைத்தேன். அதே பன்னிரண்டு புள்ளி ஏழு. ஒரு சனிக்கிழமை காலையில் பல்பைப் பூட்டினேன். அந்த ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவு உண்மையாக இருந்தால், அந்தப் பல்பு ஞாயிற்றுக்கிழமை விடியும் வரைக்கும் எரிந்திருக்க வேண்டும். மத்தியானச் சோறு இறக்குவதற்கு முன்னாலேயே இழை சிவந்து, பீடி நுனி போல ஆகி, அணைந்துபோனது. ஒக்சிசன் மெசின் இழுக்கிற இழுவைக்கு அது கால் மணி நேரம் நின்றிருந்தாலே பெரிது.

நான் பதுளைக்குப் போனேன். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகும் வரைக்கும் காத்திருந்து, நடந்ததைச் சொன்னேன். அத்தான் துணியில் கையைத் துடைத்தபடி கேட்டான்.

"நான் மீட்டர் வச்சுக் காட்டினேனா இல்லையா? பன்னெண்டு புள்ளி ஏழு இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"பிறகென்ன புள்ள? பேட்டரின்னா சில நேரம் அப்படித்தான். கம்பெனிக் கோளாறு. மாமாவுக்கும் வயசாயிருச்சு. டாக்டரே கைய விரிச்ச கேசு."

"அம்மா சுவிட்ச மாத்தி அமத்துனாங்கன்னு ஏன் சொன்னீங்க அத்தான்?"

அவன் வாசலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அத்தன பேருக்கு முன்னாடி வேற என்ன சொல்லச் சொல்ற? எனக்கு யாவாரம் இருக்கு. மாமிக்கு என்ன போச்சு?" பிறகு உள்ளே போய் அதே நீல ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். "இந்தா. புதுசு. காசு ஒண்ணும் வேணாம். எடுத்துட்டுப் போ. செத்தவங்கள வச்சு என் யாவாரத்தக் கெடுக்காத."

யாருக்கு மூச்சு விடுவதற்கு எடுத்துப் போக? இந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. நான் கேட்கவில்லை. "சரி அத்தான்" என்று சொல்லி எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பேட்டரியையும் அதே பல்பில் பூட்டினேன். அது அன்று முழுக்க எரிந்தது. மறுநாள் காலை அம்மா ரொட்டி சுடுகிற நேரத்திலும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. டவுன்காரர்கள் கொன்று கழித்த பேட்டரிகளுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். அவனிடம் இரண்டு வகையும் இருந்திருக்கிறது. ஒரே ஸ்டிக்கர், ஒரே அலமாரி. எது உயிருள்ளது, எது செத்தது என்று அவனுக்குத் தெரியும். கேள்வி கேட்கத் தெரிந்த டவுன் ஆட்களுக்கு ஒன்று. லயத்து ஆட்களுக்கு இன்னொன்று. தன்னை முதுகோடு ஒட்டிப் படுக்க வைத்த மாமாவுக்கு அவன் இரண்டாவது வகையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

முறைப்பாடு கொடுக்கலாம் என்று நுகர்வோர் காரியாலயத்துக்குப் போனேன். பில் கேட்டார்கள். மாமா வீட்டுக்கு எவன் பில் எழுதிக் கொடுப்பான்? வெளியே வந்து படியில் நின்றேன். வேறு வழியில்லை என்ற கவலை அப்போது எனக்கு வரவில்லை. ஒருவகையான நிம்மதிதான் வந்தது. இனி இதை நானே பார்த்துக்கொள்ளலாம்.

நான் அவசரப்படவில்லை. அத்தானிடம் முகம் கொடுத்துப் பேசினேன். பொங்கலுக்கு கோல் எடுத்து வாழ்த்துச் சொன்னேன். "அந்தப் புது பேட்டரி நல்லா வேல செய்யுது அத்தான்" என்றேன். அவன் மகிழ்ந்துபோனான். "நீ படிச்ச புள்ள, விளங்கிக்குவேன்னு எனக்குத் தெரியும்" என்றான். போனை வைத்துவிட்டு வாயைக் கொப்பளித்தேன்.

அடுத்த மாசி மாதத்தில் சந்தர்ப்பம் தானாக வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் சேர்ந்து, தோட்டத்து டிஸ்பென்சரிக்கும், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவுக்கும் சோலார் தகடும் பேட்டரிகளும் கொடுப்பதாக ஏற்பாடு. டிஸ்பென்சரியில் ஊசி மருந்து வைக்கிற குளிர்பெட்டி கரண்ட் போனால் சூடாகிவிடும் என்பதுதான் அவர்களுடைய கவலை. கோயில் கமிட்டித் தலைவரான ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை முன்னின்று நடத்தினார். பேட்டரி கொடுக்கும் வேலை நம்ம ஊர்ப் பையனுக்கே போகட்டும் என்று அத்தானிடம் போனது. கோயில் மண்டபத்தில் விழா. அத்தானுக்குப் பொன்னாடை. நன்றியுரை சொல்ல என்னைக் கேட்டார்கள்.

நான் தலைவரிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். "பேட்டரிய சும்மா வரிசையா அடுக்கி வச்சா சனத்துக்கு என்னய்யா தெரியும்? கறுப்புப் பெட்டியா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் பல்பு பூட்டி, மேடைக்கு முன்னாடி எரியவிட்டா பார்க்க லட்சணமா இருக்கும்ல?"

"நல்ல யோசன டீச்சர். நீங்களே செஞ்சிருங்க" என்றார். நான் அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

விழா அன்று காலையில் லொறி வந்தது. ஆறு பேட்டரி. அத்தான் மத்தியானத்துக்குத்தான் வருவான் என்று லொறிக்காரன் சொன்னான். ஆறையும் மேடைக்கு முன்னால் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு ஹெட்லைட் பல்பு பூட்டினேன். ஒரு பல்பு போதாது, பொறுத்திருக்க நேரமில்லை. ஏழாவதாக, அவன் எனக்குத் தந்த பேட்டரியையும் ஓரத்தில் வைத்துப் பூட்டினேன். வண்ணத்தாள் சுற்றி அழகுபடுத்தினேன். பூசை முடிந்து பிள்ளைகளின் நடனம் தொடங்கும்போது எல்லாவற்றையும் எரியவிட்டேன். சனம் கை தட்டியது. இருண்ட மண்டபம் கல்யாண வீடு மாதிரி ஆனது.

இதை ஊர் நன்மைக்காகச் செய்தேன் என்று சொன்னால் நான் பொய்க்காரி. டிஸ்பென்சரி மருந்தைப் பற்றி நான் யோசித்தேன்தான், ஆனால் அது நாலாவது ஐந்தாவது யோசனை. அவனுக்கு நேர்வது எல்லாருக்கும் முன்னால் நடக்க வேண்டும் என்பதே என் முதல் யோசனை. அவன் என் அம்மாவைக் குற்றவாளி ஆக்கியது அத்தனை பேருக்கும் முன்னால்தானே.

அத்தான் மனைவியோடும் அத்தையோடும் வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தலைவர் எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து மேடையில் உட்கார வைத்தார். உட்கார்ந்த பிறகுதான் அவன் கீழே பார்த்தான். பல்பு வரிசையைப் பார்த்தான், பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் வணக்கம் வைத்தேன்.

நடனத்துக்குப் பிறகு பேச்சு. தோட்டத்தில் மைக் கிடைத்தவன் சுலபத்தில் விடமாட்டான். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது நாலாவது பேட்டரியின் பல்புகள் மஞ்சளாகத் தொடங்கின. அத்தான் மேடையை விட்டு இறங்கி, யாரிடமோ பேசப் போகிறவன் போல என் பக்கத்தில் வந்தான்.

"அத நிப்பாட்டு புள்ள."

"ஏன் அத்தான், வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு."

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு. வீட்டுக்கு வந்து பேசுறேன். மாமா மேல சத்தியம்."

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கக் கூடாது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் குனிந்து ஒரு கம்பியில் கை வைத்தான். தலைவர் மேடையிலிருந்தே மைக்கில், "அதத் தொடாதீங்க தம்பி, டீச்சர் அழகா செஞ்சு வச்சிருக்காங்க. நீங்க மேல வந்து உட்காருங்க, பொன்னாட போத்தணும்" என்றார். சனம் சிரித்தது. அவன் மேலே போனான்.

பொன்னாடை போர்த்தும்போது நாலாவதும் ஆறாவதும் அணைந்துவிட்டன. தலைவர் அவனுடைய உழைப்பைப் பற்றிப் பேசப் பேச மூன்றாவது சிவந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் விரல் நீட்டிச் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஐந்தாவதும் போன பிறகு தலைவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். லொறியில் மேலாக, கண்ணில் படும்படி அடுக்கியிருந்த முதல் இரண்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தன. ஓரத்தில் என்னுடையது எரிந்துகொண்டிருந்தது.

நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுதிக்கொண்டு போயிருந்த பேச்சு நீளமானது. மேடையில் ஏறி நின்றபோது அதில் பாதி மறந்துபோனது. மீதியும் தேவைப்படவில்லை.

"எல்லா பேட்டரியும் ஒரே சைஸ், ஒரே ஸ்டிக்கர்" என்றேன். "காலையில எல்லாத்துலயும் மீட்டர் வச்சுப் பார்த்தேன். எல்லாம் ஃபுல்னு காட்டுச்சு. சாயந்தரம் வர எரிய வேண்டிய லைட்டு பேச்சு முடியிறதுக்குள்ள செத்துப்போச்சு. எங்க அப்பாவோட மெசினும் இப்படித்தான் நின்னுச்சு. இதே ஸ்டிக்கர், இதே கடை. அந்த ஓரத்துல எரியிறது, அப்பா செத்த பிறகு என் வாய மூடுறதுக்காக அத்தான் எடுத்துக் குடுத்த நல்ல பேட்டரி."

பெண்கள் வரிசையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். அவளிடமும் நான் எதுவும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. மேடைக்கு ஏறாமல், கீழேயே, அணைந்த பல்புகளுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி" என்றாள். "அன்னைக்கு நான் சுவிட்ச சரியாத்தானே போட்டிருந்தேன்?"

அவன் பொன்னாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மைக்கை அவன் வாய்க்கு நேரே நீட்டினேன். அதை நான் செய்திருக்க வேண்டியதில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

"ஆமா மாமி" என்றான்.

"சத்தமா சொல்லு அய்யா. காது கேக்கல" என்றாள் அம்மா.

"சரியாத்தான் போட்டிருந்தீங்க மாமி."

ஒலிபெருக்கி கோயில் கூரையில் கட்டியிருந்தது. கீழ் லயம் வரைக்கும் அது கேட்டிருக்கும். அம்மா தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் அவளே கதவுப் பக்கத்துச் சுவரில் கை வைத்து விளக்கைப் போட்டாள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

தலைவர் ஆறு பேட்டரியையும் அதே லொறியில் திருப்பி அனுப்பினார். எனக்கு அது போதவில்லை. அடுத்து வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். அவனிடம் பேட்டரி வாங்கியவர்கள் சுமந்துகொண்டு வந்தார்கள். மடுல்சீமையிலிருந்து, பசறையிலிருந்து, ஒருவர் ஸ்பிரிங்வெளியிலிருந்து ஆட்டோவில். ஒவ்வொன்றிலும் பல்பு பூட்டினேன். நல்லது என்றால் நல்லது என்றேன். செத்தது என்றால் அதைத் திருப்பிக் கொண்டுபோய் அவன் கடை வாசலிலேயே வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு பல்பு அணையும்போதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது நல்ல குணம் இல்லை என்று தெரியும். தெரிந்தேதான் அடுத்த பேட்டரியை எடுத்தேன்.

வைகாசியில் வெசாக் பண்டிகை வருவதற்கு முன் அவன் கடைக் கதவு இழுத்து மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை இருக்கிறது.

அத்தை ஒருநாள் எங்கள் லயத்து வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி எங்கள் கதவை நோக்கி இறைத்தாள். "கூடப் பொறந்த அண்ணன் மகளா நீ? எம்புள்ள சோத்துல மண்ணப் போட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினாள். அம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்ல எழுந்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அத்தை போன பிறகு அம்மா வாசலைக் கூட்டினாள். "அவ என்ன செய்வா, பெத்தவ" என்றாள். அப்பாவின் வருஷத் திவசத்துக்கு அத்தை வரவில்லை. படத்துக்கு முன்னால் அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

அத்தான் இப்போது பண்டாரவளையில் யாரோ ஒருவருடைய கடையில் கம்பி பூட்டும் வேலை செய்கிறான் என்று கேள்வி. அம்மா அவனை மன்னித்துவிட்டாள். "சின்னதுல நம்ம அடுப்புல சோறு தின்ன புள்ள" என்பாள்.

போன மாதம் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் அவன் ஏறினான். தோளில் கருவிப் பை, தலையில் முன்னால் நரை. பஸ் நிறைந்திருந்தது. என் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் இருந்தது, அதில் என் கைப்பையை வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு கைப்பையைப் பார்த்தான். வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டே வந்தான். பசறை வரும் வரைக்கும் நான் பையை எடுக்கவில்லை.